ஊர் தேடிப் போகிறீர்களா? சொந்தக்காரரை விட்டுவிட்டுச் சிநேகிதரைக் கூட்டிப் போங்கள்

கேள்வி (மார்ச் 3)

என் தாத்தா ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே கப்பலேறி மலாயா வந்தவர். 'சேலம் ஜில்லா' என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. டர்பனில் இருக்கும் என் நண்பர் தன் கொள்ளுத்தாத்தாவின் ஊர், சாதி, உயரம் வரை கணினியிலேயே எடுத்துவிட்டார். ஆகவே இந்தியாவுக்குப் போய் அலைவது வீண் செலவு, எல்லாம் இணையத்தில் இருக்கும், தேடத் தெரியவேண்டும் என்பது என் கட்சி. போயே ஆகவேண்டும் என்கிறார் அண்ணன். அதுவும் குடும்பத்தோடு, பன்னிரண்டு பேர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (மார்ச் 3, இரவு)

தம்பி, நான் போய் வந்தவள். இரண்டு கேள்வியைக் கலக்கிவிட்டீர்கள். இணையத்தில் கிடைக்குமா என்பது ஒன்று, பன்னிரண்டு பேர் போகலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சுலபம். கூடாது.

டர்பன் நண்பருக்குக் கிடைத்தது அவருடைய சாமர்த்தியத்தால் அல்ல. 1860க்கும் 1911க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் 152,184 பேர். ஆளுக்கொரு எண் போட்டு, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருக்கும் தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதிவைத்தார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே. அந்தப் பட்டியல்கள் பிழைத்தன, பிற்பாடு கணினியில் ஏறின. நம் கதை வேறு. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த நம் ஆட்களில் பெரும்பாலோர் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) கூட்டிவந்தவர்கள். அதையும் 1938இல் இந்திய அரசு நிறுத்திவிட்டது. கங்காணி ஆட்களுக்கு அப்படிப் பேரைத் தட்டிப் பார்க்கிற பட்டியல் கைக்கு எட்டுவதில்லை. நானும் எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தவள்தான்.

ஆனால் கங்காணி முறையில் நமக்கு ஒரு லாபம் உண்டு. கங்காணி தன் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் பிடித்தான். அதனால் ஒரே தோட்டத்தில் ஒரே தாலுகாக்காரர்கள் கூட்டமாக இருப்பார்கள். உங்கள் தாத்தா ஊர் தெரியாவிட்டால் போகிறது, கங்காணி எந்த ஊர் என்று கேளுங்கள். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மார்ச் 4, காலை

டிக்கெட் போடுமுன் இங்கேயே செய்யவேண்டிய வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கே போய்த் தெருவில் நிற்பீர்கள்.

எங்கள் தோட்டம் கெடாவில் சுங்கைப்பட்டாணி பக்கம். இப்போது அது வீடமைப்புத் திட்டம், லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. ஆனால் தோட்டத்து ஆட்கள் காணாமல் போகவில்லை. வருடா வருடம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்துவிடுகிறார்கள், வாட்ஸ்அப் குழு வேறு வைத்திருக்கிறார்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டிய கிழவிகளுக்கு இருக்கிற ஞாபகம் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடையாது. எந்த வீட்டுக்காரர் எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எடுக்கக்கூடாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதில்தான் உங்கள் ஊரும் குலமும் ஒளிந்திருக்கிறது.

அப்புறம் பிஸ்கட் டின். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். பழைய இந்தியக் கடப்பிதழ், குடியுரிமைக்கு மனுப் போட்ட காகிதம், ஊரிலிருந்து வந்த கடித உறை. உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கடிதத்தில் 'அனைவரும் நலம், மழை இல்லை' என்பதுதான் இருக்கும். முகவரி உறையில்.

எங்கள் வீட்டில் இருந்த சிக்கல் இது. 1926இல் வந்த தாத்தா சாகும்வரை 'திருச்சி ஜில்லா' என்றுதான் சொன்னார். 1950களில் வந்த உறையிலோ 'சேலம் ஜில்லா'. என் அப்பாவும் பெரியப்பாவும் இதற்காகவே பேசாமல் இருந்த காலம் உண்டு. இரண்டும் சரி. நாமக்கல் தாலுகாவை 1910இல் சேலத்திலிருந்து பிரித்துத் திருச்சியோடு சேர்த்தார்கள், 1929இல் திரும்பவும் சேலத்துக்கே கொடுத்துவிட்டார்கள். தாத்தா கிளம்பும்போது அது திருச்சி. 1997 முதல் நாமக்கல் தனி மாவட்டம். ஆக 'சேலம் ஜில்லா' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய சேலம் மாவட்டத்தில் தேடினால் கிடைக்காமலே போகலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அந்தப் பழைய சேலத்துக்குள் அடங்கியவைதான்.

மார்ச் 4, இரவு

இல்லை, பன்னிரண்டு பேர் விஷயத்தில் நான் மாறவில்லை. ஒரு வேன் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு கைத்தொலைபேசி, பாதிப் பேர் சுருள்முடியை நேராக்கிக்கொண்டு வந்து இறங்கினால் அந்த ஊர்க்காரர் என்ன நினைப்பார்? சினிமா எடுக்க வந்திருக்கிறார்கள், அல்லது நிலம் கேட்க வந்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்று.

மார்ச் 6

யாரோடு போனேன் என்று கேட்டிருக்கிறார்கள். என்னோடு தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் நான் அவரை 'டீச்சர்' என்பேன், அவர் என்னை 'டீச்சர்' என்பார், பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தங்கையைத்தான் கூட்டிப்போவதாக இருந்தது. அவளுக்குத் தாத்தா ஜமீன் குடும்பம், வீட்டில் யானை கட்டியிருந்தது, பங்காளிச் சண்டையில் கோபித்துக்கொண்டு கப்பலேறினார் என்று நம்பிக்கை. யானையைத் தேடிப் போகிறவளோடு நான் எங்கே போவது. டீச்சரைக் கேட்டேன். "உங்க தாத்தா எனக்கு யாரு? சரி, வரேன்" என்றார்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், அங்கிருந்து நாமக்கல் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. நாமக்கல்லில் அறை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் பக்கம் சுற்றினோம். எங்கள் ஊர் பெயரை இங்கே எழுதமாட்டேன், காரணம் பின்னால் வரும்.

கிராம நிர்வாக அலுவலர் நல்ல பையன், என் பழைய மாணவர்கள் வயது. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் கணினியில் இருக்கிறதே, பேரைப் போட்டுப் பாருங்கள் என்றேன். சிரித்தார். கணினியில் இருப்பது இன்று யார் பேரில் நிலம் என்பது. 1926இல் கிளம்பிப் போன ஆள் அதில் எப்படி வருவார்? 1979க்கு மேல் யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அதற்கு முந்தையதைப் பார்க்க வேண்டுமானால் சர்வே எண் தெரிந்திருக்க வேண்டும், தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று நடக்க வேண்டும். பிறப்புப் பதிவு? அந்தக் காலத்துப் பதிவில் பெரும்பாலும் 'ஆண் குழந்தை, தகப்பன் பெயர் இன்னார்' என்றிருக்கும், குழந்தைக்குப் பெயரே இருக்காது. "பழைய கர்ணம் வீட்டுல கேட்டுப் பாருங்கம்மா" என்றார் கடைசியாக. ஊர்க்கணக்கு எழுதிய கர்ணம் பதவியை 1980இலேயே ஒழித்துவிட்டார்கள், ஆனால் அந்த வீட்டுப் பெரியவருக்கு ஊர்க்கணக்கு இன்னும் வாயில் இருக்கிறது.

நான் இப்படி ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் டீச்சர் வெளியே டீக்கடையில். நான் திரும்பி வந்தபோது 'மலாயாக்காரர் வீடு' எது என்று தெரிந்துகொண்டு, அந்த வீட்டுக் கிழவிக்கு மூட்டுவலி என்பது வரை விசாரித்து வைத்திருந்தார்.

மலாயாக்காரர் வீடு என்றால் நம்மிடமிருந்து திரும்பிப் போனவர்கள். மலேசியாவில் 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்குப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஆனதும் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்களே, அவர்கள். ஊர் தேடுகிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது இவர்களைத்தான். அந்தக் கிழவிக்குப் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கிராணி (தோட்டத்துக் கணக்கர்), தவரணை (கள்ளுக்கடை) எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ராஜுலா கப்பலில் வாந்தி எடுத்ததை நேற்று நடந்ததுபோல் சொன்னார். எங்கள் தோட்டத்துப் பெயரைச் சொன்னதும் "பெரிய கங்காணி தோட்டமா?" என்றார். அப்புறம் எல்லாம் மடமடவென்று நடந்தது.

மார்ச் 7

குலதெய்வத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டவருக்கு. ஆமாம், காகிதத்தைவிட அதுதான் வேகம். ஜில்லா மாறும், தாலுகா மாறும், குலதெய்வம் இடம் மாறாது. எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பெரியண்ணன், ஒரு பெரியசாமி. ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. கொல்லிமலை உச்சியில் மாசி பெரியண்ணசாமி கோயில் இருக்கிறது. கிழவி என் அப்பா பெயரைக் கேட்டுவிட்டு, "அப்பறம் வேறெந்தச் சாமியாம்?" என்றார். உங்கள் வீட்டுப் பழைய பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள், நாள்காட்டியில் பார்த்து வைத்த புதுப் பெயர்களை விட்டுவிட்டு.

காரவள்ளியிலிருந்து மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் எழுதியிருக்கிறார்கள், அது இரக்கமா தண்டனையா தெரியவில்லை. டீச்சர் நாற்பதுக்கு மேல் கண்ணைத் திறக்கவில்லை.

மார்ச் 9

நிலம் விஷயம். இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள்.

தாத்தாவின் தம்பி மகன் இருக்கிறார், எனக்குச் சித்தப்பா முறை. வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னோம். காப்பி வந்தது. பேச்சு வரவில்லை. மருமகள் உள்ளே போய் யாருக்கோ போன் செய்கிறாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் நேராகவே கேட்டார், "ஏனுங்க அம்மணி, பாகம் பிரிக்கவா வந்தீங்க?"

நான் பதறி, அதெல்லாம் இல்லை ஐயா, ஊரைப் பார்க்கத்தான் என்றேன். இதையேதான் பாகம் பிரிக்க வந்தவனும் முதலில் சொல்வான். வெளிநாட்டிலிருந்து வந்து அன்பாகப் பேசி, குலதெய்வம் கும்பிட்டு, வக்கீலோடு திரும்பி வந்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே உண்டாம். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஊர் பெயரை எழுதாததும் அதனால்தான்.

டீச்சர் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்துகொண்டு, "கோயில் வரி யாருங்க வசூல் பண்றது?" என்றார். எனக்கு அது தோன்றியிருக்கவே தோன்றாது. சொந்தக்காரி நான், எனக்கு அழுகைதான் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அங்கே அழ ஒன்றுமில்லை, அதனால் மூளை வேலை செய்தது.

வரி நோட்டு ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. நீளவாக்கில் கட்டிய கணக்கு நோட்டு, முதுகில் துணி ஒட்டி, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்) வாரியாகப் பெயர், எதிரே அணாவில் தொகை. தாத்தா பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பினாங்கு'. அவர் இருந்தது கெடா, ஆனால் ஊருக்கு எல்லாம் பினாங்குதான். தொகைக்கு எதிரே 'தம்பி மூலம்'. அடுத்த வருடம் பார்த்தேன், இருக்கிறது. அடுத்த வருடமும். புரட்டிக்கொண்டே போனால் 1942, 43, 44. ஜப்பான்காரன் காலம், இங்கிருந்து ஒரு கடிதம் ஒரு மணியார்டர் போகவில்லை, ஆள் உயிரோடிருக்கிறாரா என்றே அவர்களுக்குத் தெரியாது. அப்போதும் 'பினாங்கு', 'தம்பி மூலம்'. மழை பொய்த்த வருடத்தில் தம்பி தன் வரியைப் பாக்கி வைத்திருக்கிறார், அண்ணன் வரியைக் கட்டியிருக்கிறார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மறைக்கவில்லை.

அறைக்குத் திரும்பும்போது வண்டியில் டீச்சர் கேட்டார், "பாசமா, பாத்தியதையா டீச்சர்?"

மார்ச் 10

காப்பகத்தில் கடப்பிதழைக் காட்டினால் போதும், தாத்தா பெயர் கிடைத்துவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது அவ்வளவு சரியில்லை. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பெரிய கடல், 1909இலிருந்து அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது அரசாங்கம் அரசாங்கத்துக்கு எழுதியது. கூலி ஏற்றுமதி பற்றிய கோப்பு கிடைக்கும், உங்கள் தாத்தா கிடைப்பது அபூர்வம். கடப்பிதழைக் காட்டிவிட்டு நேரே உள்ளே போய்விடவும் முடியாது, முன்கூட்டியே கடிதம், அனுமதி எல்லாம் வேண்டும். ஒரு மாதம் சென்னையில் தங்கி, காலம் எப்படியிருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் போங்கள். ஆளைத் தேட வேண்டுமென்றால் ஊருக்குப் போங்கள்.

மார்ச் 13

பாசமா பாத்தியதையா (உரிமைக்காகவா) என்பதற்கு இங்கே எல்லோரும் பாசம் என்று ஓட்டுப் போட்டுவிட்டீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் டீச்சர் சொன்னதையும் கேளுங்கள். வரி நின்றால் தலைக்கட்டு விழும். தலைக்கட்டு விழுந்தால் அந்தக் கோயிலில் பங்கு, மரியாதை போகும். அண்ணன் பேரில் ஒன்று, தன் பேரில் ஒன்று என்று தம்பி வீட்டுக்கு இரண்டு பங்கு இருந்திருக்கிறது. பாகம் பிரியாத நிலத்தை உழுதுகொண்டிருந்தவரும் அவர்தான். அண்ணன் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டால் கேள்வி கிளம்பும். அப்படியும் இருக்கலாம் அல்லவா? தன் வரியைப் பாக்கி வைத்து அண்ணன் வரியைக் கட்டியதற்குக்கூட இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது.

ரொம்ப நாள் எனக்கு டீச்சர்மேல் இதற்காகக் கோபம். இப்போது இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தால் என்ன என்று தோன்றுகிறது. என் தங்கையிடம் மட்டும் பாத்தியதைக் கதையைச் சொல்லவில்லை.

இன்னொன்று, சாதி. இதை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகிவிடும். அந்த ஊரில் யாரும் 'நீங்க என்ன சாதி' என்று கேட்கவில்லை. "எந்தத் தெரு ஆளுங்க?" என்றார்கள். கங்காணி பெயரைச் சொன்னதும் எனக்குத் தெரு கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி டீச்சரைப் பார்த்து. அவர் "நான் மலேசியாங்க" என்றார். விடவில்லை, பூர்வீகம் கேட்டார்கள். "அதுவும் மலேசியாதாங்க." சாப்பாட்டு நேரத்தில் ஒரு தயக்கம் வந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு வெண்கலத் தட்டு, அவருக்குக் காகிதத் தட்டு. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் காகிதத் தட்டே போதும் என்று சொல்லி மாற்றிக்கொண்டேன். நம் தோட்டங்களில் மட்டும் என்ன, சில இடத்தில் லயமே சாதி பார்த்துத்தான் பிரித்திருந்தது. அந்தத் தட்டை அங்கே பார்த்தபோது நான் புதிதாக எதையும் பார்க்கவில்லை.

சிநேகிதரைக் கூட்டிப் போங்கள் என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். போகலாம். ஆனால் நம் தாத்தா ஊர் நமக்குக் கொடுக்கிற மரியாதையை அவருக்கும் கொடுக்கும் என்று எதிர்பார்த்துக் கூட்டிப் போகாதீர்கள். முதலிலேயே அவரிடம் பேசிவிடுங்கள்.

மார்ச் 14

டீச்சர் தன் ஊரைத் தேடவில்லையா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. இல்லை. அவர் பாட்டி தனியாகக் கப்பலேறிய விதவை. ஊரைச் சொல்லவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து செத்துப்போனவர். "அவங்க மறைச்சதை நான் ஏன் தோண்டணும்?" என்பார். நான் வற்புறுத்தவில்லை. நீங்களும் இங்கே ஆலோசனை எழுதவேண்டாம், அவர் இதைப் படிக்கிறார்.

மார்ச் 14, கொஞ்சம் கழித்து

நாமக்கல் பற்றி ஒரு உபரித் தகவல். ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை. 2022 கடைசியில் நம் மலேசியாவில் முட்டைத் தட்டுப்பாடு வந்ததே, அப்போது முட்டை எங்கிருந்து வந்தது? நாமக்கல்லிலிருந்து. ஒரு காலத்தில் ஆளாக அனுப்பினார்கள், பிற்பாடு முட்டையாக அனுப்பினார்கள். இதை டீக்கடையில் சொன்னேன், நல்ல வரவேற்பு.

மார்ச் 18

தாத்தா ஏன் கிளம்பினார் என்பதை எழுதவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன், தங்கை காரணமாக.

யானை இல்லை. ஜோடி மாடு. கடன் வாங்கி வாங்கியது, அந்தக் கோடையிலேயே ஒன்று செத்துப்போயிற்று. ஒற்றை மாட்டை வைத்து உழ முடியாது, விற்றால் கடன் அடையாது. கங்காணி முன்பணம் கொடுத்தான், அதை மாடு கொடுத்தவரிடம் கட்டிவிட்டு அன்றே நாகப்பட்டினத்துக்கு நடந்தார். சித்தப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதையாம். என் நோட்டில் 'கடன் தொல்லையால்' என்று எழுதியிருக்கிறேன். டீச்சர் நோட்டில் மாட்டின் நிறம், விலை, செத்த மாட்டை எங்கே புதைத்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. விலை ஊர்க்காரர் வாய்க்கணக்கு, ஆளுக்கொன்று சொன்னார்கள், அதனால் இங்கே போடவில்லை.

ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றிரவே எழுதுங்கள், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல். வீட்டுக்குத் திரும்பிய பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் நோட்டில் எங்கெங்கே நமக்குப் பிடித்தபடி மெழுகியிருக்கிறோம் என்று தெரியும். சொந்தக்காரர் இரண்டு பேர் போனால் இரண்டு நோட்டிலும் ஒரே மெழுகல்தான்.

மார்ச் 25

தம்பி, அண்ணனும் நீங்களும் மட்டும் போவதாக முடிவு என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டுக்கு இது எவ்வளவோ மேல். அண்ணனைப் பேசவிட்டு நீங்கள் டீக்கடைக்குப் போய்விடுங்கள்.

என்ன வாங்கிப் போவது என்று கேட்டீர்கள். கோடாலித் தைலம் நிறைய, சின்னக் குப்பியாக. மைலோ ஒன்றிரண்டு. துணிமணி வேண்டாம், யாருக்கு என்ன கொடுத்தோம் என்று நாம் வந்த பிறகு பஞ்சாயத்து நடக்கும். பணம் யார் கையிலும் கொடுக்காதீர்கள். கோயிலுக்கு வரி கட்டுவதாக இருந்தால் தாத்தா பேரில் எழுதச் சொல்லுங்கள், ஆனால் முதலில் சித்தப்பா முறைக்காரர் யாராவது இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு. நான் கேட்டேன். யோசித்தார், மருமகளைப் பார்த்தார், 'நன்கொடைன்னு போட்டுக்கங்க அம்மணி, வரின்னு வேண்டாம்' என்றார். நன்கொடை என்றே ரசீது வாங்கினேன்.